கூடப் போக ஆள் இல்லாமல் போனால்: மட்டக்களப்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஒரு பெண்கள் நிறுவனத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். அடிபட்டு வருகிறவர்கள், பிள்ளைக்கு ஒன்று நடந்துவிட்டது என்று ஓடி வருகிறவர்கள், இவர்களோடு பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோட்டுக்கும் கூடப் போவதுதான் என் வேலை. 2025 தொடக்கத்தில் அந்தத் திட்டத்துக்கு வந்த காசு நின்றது, எங்கள் அறையும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு கடையில், கோயில் வாசலில், பஸ்ஸில் என்னைக் கண்டவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் சரியாகச் சொல்லாமல் விட்டதும் இதில் இருக்கிறது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஒன்றைச் சொல்லவில்லை. பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கென்று ‘நட்பு நிலையம்’ நடக்கிறது, சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். சட்டத்தரணிக்குக் காசு கட்ட முடியாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சட்ட உதவி ஆணைக்குழு. இவற்றுக்கு இடையில் நிறுவனங்கள் நடத்துகிற உதவி மேசை, தற்காலிகத் தங்குமிடம், ஆலோசனை. ஆளுக்கொரு கட்டடம், ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு படிவம். ஒரு இடத்திலிருந்து மற்ற இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை யாருடைய பதவிப் பெயரிலும் எழுதி வைக்கவில்லை, அதைத்தான் எங்களைப் போன்றவர்கள் செய்தோம்.

அப்படி என்ன பெரிய மாற்றம் வந்துவிட்டது?

இரண்டு மாற்றங்கள், அதுவும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில்.

சட்டம் வளர்ந்திருக்கிறது. 2015இல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் கொடுக்கிற 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அதற்கென்று ஒரு தேசிய அதிகாரசபையும் அமைந்தது. 2023இல் அதை நீக்கிவிட்டு 10ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். மரியாதையாக நடத்தப்படுவது, மருத்துவ உதவி, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்பது எல்லாம் இப்போது எழுத்தில் இருக்கிற உரிமைகள்.

ஆனால் அந்த உரிமையை ஊருக்குள் கொண்டு வருகிற கால்கள் குறைந்துவிட்டன. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற காலத்தில் வெளிக்கள வேலை அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அரச செலவும் இறுக்கம், ஓய்வு பெற்றவரின் கதிரைக்கு அடுத்த ஆள் வரக் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, அந்த வருடம் ஜூலையோடு யூ.எஸ்.எய்ட் என்ற அமைப்பே இல்லாமல் போனது. அந்தக் காசை நேராக வாங்கியவர்களும் பாதிக்கப்பட்டார்கள், அந்தக் காசு வாங்கிய பெரிய நிறுவனத்திடமிருந்து சின்னதாகப் பங்கு வாங்கியவர்களும் பாதிக்கப்பட்டார்கள். நாங்கள் இரண்டாவது வகை.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்கு இதில் என்ன?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவும் இல்லை.

எங்கள் அறை மூடிய பிறகு நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். முன்பு எங்களிடம் வந்தவர்கள் வீட்டில் சும்மா இருந்துவிடவில்லை, வேறு கதவுகளைத் தட்டினார்கள். ஜீ.எஸ் (கிராம சேவையாளர்) வீட்டுக் கதவு. ரீச்சர் வீட்டுக் கதவு. இரவு பத்து மணிக்கு உங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கதவு. அந்த அக்கா இடம் கொடுத்தால், மறுநாள் காலை அவவின் கேற்றடியில் வந்து நின்று கத்துகிறவனுக்கும் அவதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு தடவை இடம் கொடுத்தவர் மூன்றாம் தடவை லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கிறார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் குமர்ப் பிள்ளைகள் இருக்கின்றன. சேவை மூடினால் அந்தச் சுமை ஊரில் ஆர் நல்லவர்களோ அவர்களின் தலையில்தான் முதலில் விழும். அவர்கள் களைத்துப் போனால் ஊரே வாயை மூடிக்கொள்ளும்.

சுமை என்று சொல்வது வெறும் மனக்கஷ்டத்தை மட்டும் இல்லை. கை முறிந்த பெண் வயலுக்கோ கடைக்கோ போக மாட்டா, சீட்டுக் காசு கட்ட மாட்டா, நுண்கடனுக்குக் கூட்டாகக் கையெழுத்து வைத்த மற்றப் பெண்கள் அவவின் தவணையையும் சேர்த்துக் கட்டுவார்கள். இதை அந்தக் குழுக்களில் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எனக்கு மேலால் சொல்வார்கள்.

முறைப்பாடுகள் குறைந்திருக்கின்றன என்கிறார்களே, அது நல்ல செய்திதானே?

இல்லை. முறைப்பாடு குறைவதற்கு இரண்டு வழி இருக்கிறது: குற்றம் குறையலாம், அல்லது சொல்லப் போகிற ஆள் குறையலாம். எது நடந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் பொலிஸ் புத்தகத்தைப் பார்த்துப் பயனில்லை. வெளிநோயாளர் பிரிவில் ‘விழுந்துட்டன்’ என்று சொல்லித் தையல் போடுகிறவர்களைப் பாருங்கள், பாடசாலை வரவுப் பதிவைப் பாருங்கள், திடீரென்று தாய் வீட்டோடு வந்து தங்கிவிட்ட பெண்களைப் பாருங்கள். கசிப்புச் சாராயமும் ஐஸ் போதைப்பொருளும் ஊரில் குறையவில்லை என்று எல்லோருமே சொல்கிறோம், அப்படியிருக்க அடி மட்டும் எப்படிக் குறையும்?

பொலிஸ் இருக்கிறது, கோட் இருக்கிறது. கூடப் போக இன்னொரு ஆள் எதற்கு?

ஒரு நாளை அப்படியே சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம்.

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் ஒரு தாய், பதினொரு வயதுப் பிள்ளை. விடிய ஐந்தரை மணிக்கு பஸ்ஸுக்கு வந்து நிற்கிறார்கள். தாயின் கையில் ஒரு ஜவுளிக் கடைப் பை, அதற்குள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பொலிசில் போட்ட என்ட்ரி நம்பர் எழுதிய துண்டு, கிளினிக் கொப்பி, நாலாக மடித்த ஒரு சட்டை. அந்தச் சட்டையைத் தோய்த்துவிட்டாவா என்றுதான் நான் முதலில் கேட்டேன். தோய்க்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே தோய்க்காமல் வைத்திருந்தா. ஆனால் பொலித்தீனில் சுற்றியிருந்தா, ஈரம் பிடித்தால் தடயம் கெட்டுப் போகும், அதைக் கடதாசிப் பைக்கு மாற்றினோம். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுவதற்குப் பொலிஸ் படிவம் வேண்டும், படிவம் கொடுக்கிறவர் வெளியே போயிருக்கிறார், இருங்கள் என்றார்கள். பிள்ளைக்குப் பசி. நடந்ததைச் சொல்லு என்று ஒரே காலையில் மூன்று பேர் அந்தப் பிள்ளையைக் கேட்டார்கள், நாலாவது ஆள் கேட்க வந்தபோது நான் எழும்பி, “சேர், முதல் எடுத்த வாக்குமூலத்தைப் பாருங்க, பிள்ளை களைச்சிட்டு” என்றேன். அவர் கோபப்படவில்லை, சரி என்று போய்விட்டார். அவ்வளவுதான் என் வேலை. அந்த ஒரு வசனத்தைச் சொல்ல அந்தத் தாய்க்கு அன்று வாய் வராது, வரவும் கூடாது என்றுதான் நாங்கள் அவர்களை வளர்த்து வைத்திருக்கிறோம்.

வழக்கு அதோடு முடிவதில்லை. சிறுவர் துஷ்பிரயோக வழக்கு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், குற்றப்பத்திரம் வந்து, மேல் நீதிமன்றத்தில் எடுக்கப்பட வருடக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் ஒவ்வொரு தவணைக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டும், எதிரியின் சொந்தக்காரர்கள் அதே வராந்தாவில், அதே வாங்கில் இருப்பார்கள். மூன்றாம் தவணையோடு நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் பொய் சொன்னதால்தான் நின்றார்கள் என்று ஊரில் கதை கட்டுவார்கள். பஸ் காசு இல்லாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

தூரம் அவ்வளவு பெரிய பிரச்சினையா? இப்போதுதான் பாலமெல்லாம் இருக்கிறதே.

பாலம் வந்தது நல்லது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பட்டிப்பளைப் பக்கத்து ஆட்கள் வாவியைக் கடக்கிறது எவ்வளவோ லேசாகிவிட்டது, அதற்கு முன்பு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவையான ‘பாதை’க்குக் காத்து நின்றவர்களுக்கு அந்த அருமை தெரியும். ஆனால் வாகரையிலிருந்து நகரத்துக்கு இன்னும் ஏறக்குறைய 60 கிலோமீற்றர்தான். வெல்லாவெளிக்கு உள்ளே யானை வருகிற கிராமங்களிலிருந்து பொழுதுபட்ட பிறகு ஒரு பெண் தனியாக வெளிக்கிட முடியாது. வாவிக்குக் கிழக்கே, நகரப் பக்கம், எழுவான்கரையில் இருக்கிறவர்கள் சேவையின் அளவைக் கட்டடத்தை வைத்துப் பார்க்கிறார்கள், படுவான்கரையில் இருக்கிறவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வைத்துப் பார்க்கிறார்கள். நகரத்தில் ஒரு மேசையை மூடினால் நகரத்துக்காரருக்கு இன்னொரு மேசை கிடைக்கும்.

அம்பாறை மாவட்டத்திலும் இதே கதைதான். திருக்கோவில், பொத்துவில் பக்கத்து ஆட்களுக்குக் கல்முனையோ அக்கரைப்பற்றோ, எதுவானாலும் ஒரு முழு நாள் போய்விடும்.

பாதுகாப்புக் கட்டளை என்றால் என்ன? அது உண்மையில் வேலை செய்யுமா?

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். அடிபட்டவரே கேட்கலாம், அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளை, பிறகு விசாரித்து 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது இரண்டும். அடிக்கிறவர் அந்த வீட்டுக்குள் வரவே கூடாது என்றும் நீதிமன்றம் சொல்லலாம்.

இந்தக் கடைசி விடயம் நமது மாவட்டங்களுக்குப் பெரிய விடயம். இங்கே தமிழரிலும் சரி முஸ்லிம்களிலும் சரி வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது, மாப்பிள்ளைதான் வந்து இருக்கிறவர். அப்படியிருந்தும் இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது வீட்டுக்காரியாகத்தான் இருக்கிறா. ‘நீ ஏன் வெளியே போக வேண்டும், அது உன் வளவு’ என்று ஒருவர் உட்கார்ந்து விளக்கிச் சொன்னால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். (சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று கணவனின் பெயரில் எழுதப்பட்டன, அந்தப் பிழையின் விலையை இன்றைக்கும் சில பெண்கள் கொடுக்கிறார்கள். இது தனியாக எழுத வேண்டிய கதை.)

வேலை செய்யுமா என்று கேட்டால், கண்காணிக்க ஆள் இருந்தால் செய்யும். கட்டளையை இரு பக்கமும் பின்பற்றுகிறதா என்று பார்க்க ஒரு சமூக சேவையாளரையோ குடும்ப ஆலோசகரையோ நீதிமன்றம் நியமிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஆள் எங்கிருந்து வருவார்? இந்தச் சேவைகளிலிருந்துதான் வர வேண்டும். சேவையைக் குறைத்தால் நீதவான் எழுதுகிற கட்டளையின் பலமும் குறையும்.

ஊருக்குள்ளேயே பேசித் தீர்த்தால் என்ன? கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, இணக்க சபை இருக்கிறது.

வேலித் தகராறுக்கும் கடன் பிரச்சினைக்கும் இணக்க சபை நல்லது, நானே ஆட்களை அனுப்பியிருக்கிறேன். பெரிய குற்றங்களை அங்கே வைத்துத் தீர்க்க முடியாது. கோயிலை நிருவகிக்கிற வண்ணக்கரோ பள்ளிவாசல் நிருவாகமோ ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு இரவு பாதுகாப்புக் கொடுத்தால் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பிள்ளைக்கு நடந்த குற்றத்தை, குடும்ப மானம் என்று சொல்லி, ஒரு தொகை காசும் மன்னிப்புமாக முடித்து வைத்ததையும் கண்டிருக்கிறேன். அதைச் செய்தவன் அதே தெருவில்தான் நடக்கிறான். அந்தத் தெருவில் வேறு பிள்ளைகளும் நடக்கின்றன.

பாடசாலைகளில் இதன் தாக்கம் தெரிகிறதா?

தெரிகிறது, ரீச்சர்மாரைக் கேளுங்கள். தாய் மத்திய கிழக்கில், அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளை, வீட்டில் ஒன்று நடக்கிறது, முதலில் கவனிக்கிறவர் வகுப்பாசிரியர். முன்பு அவர் ஒரு கோல் எடுத்தால் எங்களில் ஒருவர் அடுத்த நாள் போவோம். இப்போது அவர் 1929க்கு அடிக்கலாம், அடிக்கவும் வேண்டும், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். ஆனால் அதற்குப் பிறகு வருகிற விசாரணையில் பெயர் அடிபடுமே என்று பயந்து இரண்டு நாள் யோசிக்கிறார். இரண்டு நாள் அந்தப் பிள்ளைக்கு நீளம்.

பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்களே, அவர்கள் செய்யட்டுமே?

செய்கிறார்கள். தங்கள் கைக்காசில் ஓட்டோ பிடித்துப் போகிறவர்களைத் தெரியும். ஆனால் ஒருவருக்கு அத்தனை கிராம சேவையாளர் பிரிவுகள், அதோடு சுயதொழில் பயிற்சி, கூட்டங்கள், அறிக்கைகள். இரவுக்கு ஆள் இல்லை, சனி ஞாயிறுக்கு ஆள் இல்லை. அடி விழுவது அதிகமாக எந்த நாளில் என்று உங்களுக்குத் தெரியாததா?

ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

சரியான கேள்வி. 2023 சட்டத்தில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை, கொள்ளையில் வெட்டுப்பட்ட கடைக்காரரும், வட்டிக்காரனின் ஆட்களிடம் அடிபட்ட தோணிக்காரரும், துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பையனும் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள்தான். பையன்கள் வந்து சொல்வது அரிது. வந்த ஒருவன் ஒரு மணித்தியாலம் கிரிக்கெட் பற்றி மட்டும் கதைத்துவிட்டுப் போனான், மூன்றாவது நாள்தான் சொன்னான். அவசரமில்லாமல் இருந்து கேட்கிற ஒருவர் இருந்ததால்தான் அந்த மூன்றாவது நாள் வந்தது.

நட்டஈடு கிடைக்குமா?

வழக்கில் குற்றவாளியைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் கட்டளையிடலாம். தேசிய அதிகாரசபையிடம் ஒரு நிதியம் இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம். எளிதில் கிடைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் நடந்த 2019 ஏப்ரல் 21ஐ நாம் மறக்க முடியாது. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்துவிட்டு நின்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், அந்தத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, மற்ற அதிகாரிகளுக்கும் தொகை விதித்தது. தாக்குதல் நடந்து தீர்ப்பு வர மூன்றரை வருடத்துக்கு மேல். நாடே பார்த்துக்கொண்டிருந்த ஒரு விடயத்துக்கே அவ்வளவு காலம் என்றால், யாரும் பார்க்காத ஒரு வீட்டுக்குள் நடந்ததற்கு எவ்வளவு காலம் என்று யோசியுங்கள். அந்தக் காலம் முழுக்கக் காயத்துக்கு மருந்து, பிள்ளைக்குப் படிப்பு, இரவுக்குத் தூக்கம் எல்லாம் வேண்டும். காசை விட அதுதான் முதல் தேவை என்று அந்தக் குடும்பங்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போதைக்கு ஒருவருக்கு ஒன்று நடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உயிருக்கு ஆபத்தென்றால் 119, அம்பியூலன்ஸுக்கு 1990. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளை சம்பந்தப்பட்டால் 1929, மனம் உடைந்து தற்கொலை எண்ணம் வந்தால் 1926.

பாலியல் வன்முறை என்றால் பொலிசுக்குப் போகத் தயங்கி வீட்டில் இருக்க வேண்டாம், நேரே அரச வைத்தியசாலைக்குப் போகலாம், அங்கிருந்தே பொலிசுக்கு அறிவிப்பார்கள். 72 மணித்தியாலத்துக்குள் போவது முக்கியம், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கிற மருந்தை அதற்குள் தொடங்க வேண்டும், கருத்தரிப்பைத் தடுக்கிற மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், உடுப்பைத் தோய்க்காமல் போனால் நல்லது. குளித்துவிட்டாலும் போங்கள். நாட்கள் கடந்துவிட்டாலும் போங்கள். முறைப்பாடு போட்டால் என்ட்ரி நம்பரையும் திகதியையும் எழுதி வாங்குங்கள். தமிழில் சொல்லித் தமிழில் எழுதச் சொல்லுங்கள், விளங்காத ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

சேவை குறைவதைத் தடுக்க ஊரால் என்ன செய்ய முடியும்?

கேள்வி கேட்க முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரதேச செயலகத்திடமே எழுத்தில் கேளுங்கள்: உளவளத்துணை உத்தியோகத்தர் பதவி எத்தனை, எத்தனை வெற்றிடம், பயணச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம் எல்லாவற்றிலும் வீதியும் வடிகானும் பேசுகிறோம், இதையும் ஒரு விடயமாகப் போட்டால் கூட்டறிக்கையில் ஏறும். கூட்டறிக்கையில் ஏறாத எதற்கும் காசு வருவதில்லை.

வெளிநாட்டுக் காசை மட்டும் நம்பி இருந்தது எங்கள் பிழையும்தான் என்று நான் நினைக்கிறேன். சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் சில வருடத்தில் பலகையைக் கழற்றிக்கொண்டு போனதைக் கண்ட பிறகும் நாங்கள் படிக்கவில்லை.

அப்போ இப்போது கூடப் போக யாருமே இல்லையா?

மூன்று பேர் போகிறோம், சம்பளம் இல்லாமல், முறை வைத்து. ஒருவர் ஓய்வு பெற்ற தாதி, ஒருவர் தையல்காரி, மற்றது நான். ஒரு பையில் தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் பக்கற், இரண்டு பேனை, ஒரு சால்வை, பிள்ளைக்கு வரைய ஒரு கொப்பி. வருகிற செவ்வாய்க்கிழமை களுவாஞ்சிகுடியில் ஒரு தவணை இருக்கிறது, அந்தத் தாதி அக்காவுக்கு அன்றைக்குக் கண் கிளினிக். காலை ஆறு மணி பஸ்ஸுக்கு வரக்கூடிய ஒருவர் வேண்டும். வழக்கு விபரம் தெரிந்திருக்கத் தேவையில்லை, வராந்தாவில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.